இரண்டு கையும் தலைக்கு மேலே

நான் கோவிலில்கூட இப்போது நெஞ்சுக்கு நேராகத்தான் கும்பிடுகிறேன். தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிடுவதை விட்டு ஆறு வருடமாகிறது. இவருக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பக்தி அப்படியேதான் இருக்கிறது. கைகளைத்தான் நம்ப முடியவில்லை.

திருநெல்வேலி டவுனில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், திரி, விபூதி, பன்னீர். படிப்பு எட்டாம் வகுப்பு. (எட்டாவது பாஸா என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பில் இருந்தேன், அவ்வளவுதான்.) இப்படிப்பட்ட நான் ஒரு கிளைடர் பந்தயத்துக்கு நடுவராக இருந்தேன் என்றால், அது நாட்டில் ஆள் இல்லாமல் நடந்தது இல்லை. என் அத்தானால் நடந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர். ஆனால் மரியாதை விஷயத்தில் எறும்பு கடித்தாலும் தேள் கொட்டிய மாதிரி எடுத்துக்கொள்வார். நான் புது வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தபோது, வீடு வீடாகப் போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த நான், அத்தானுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். சொந்த அத்தானுக்கு என்ன சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டேன். அவர் அதைத் திறந்து பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, என்னோடு பேசவுமில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் அக்கா மகளுக்கு நிச்சயம் நடந்தது. ஆவணிக் கடைசியில் கல்யாணம். நான் தாய்மாமன். நிச்சயத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. தாய்மாமன் இல்லாமல் மருமகள் மணவறை ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்பதுகூடப் பெரிதில்லை. அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவன் நான். அவள் கல்யாணத்தை அடுத்தவர் செல்போனில் பார்க்க வேண்டுமா?

அப்போதுதான் ஜமால் பாய் ஒரு வழி காட்டினார். பாய் மேலப்பாளையத்துக்காரர். இருபது வருடம் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பாலைவனத்து மலைகளில் கிளைடர் விடக் கற்றுக்கொண்டாராம். கிளைடர் என்றால் ஒரு ஆள் நீளத்துக்கு இறக்கை உள்ள சின்ன விமானம். இஞ்சின் கிடையாது. கையால் வீசினால் காற்றில் ஏறிக்கொள்ளும். கீழே நிற்பவர் ரிமோட்டால் திருப்புவார். ஆனி, ஆடியில் நம் ஊரில் அடிக்கிற மேற்குக் காற்று பொத்தைச் சரிவில் மோதி மேலே எழும்புமே, அதுதான் அதற்குப் பெட்ரோல். (பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பாறைக்குன்று.) டவுனுக்கு மேற்கே ஒரு பொத்தையில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி இதைப் பறக்க விட்டார்கள். அதில் அத்தானும் ஒருவர்.

"அண்ணாச்சி, நீங்களும் வாங்க" என்றார் பாய். "வாரத்துக்கு ஒரு நாளு ரெண்டு பேரும் ஒரே காத்தை மூச்சுல இழுத்தாப் போதும். கோவம் பைய கரைஞ்சிரும், இன்ஷா அல்லாஹ்."

போனேன். முதல் நாள் என் ஒரு கையில் கிளைடரையும் இன்னொரு கையில் ரிமோட்டையும் கொடுத்தார்கள். "காத்தைப் பார்த்து ஓங்கி வீசுங்க" என்றார் பாய். ஓங்கி வீசினேன். ரிமோட் நன்றாகப் பறந்தது. கிளைடர் என் கையிலேயே இருந்தது.

அத்தான் என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துச் சொன்னார்: "பாய், அவருகிட்ட சொல்லுங்க. பறக்க வேண்டியது எது, பிடிக்க வேண்டியது எதுன்னு கேட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பறக்க விடத் தகுதி இல்லாதவன் என்று முடிவானதும் என்னை நடுவராக்கினார்கள். பந்தயம் இதுதான். பொத்தையின் உச்சி விளிம்பில் நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம். கிளைடர் இரண்டுக்கும் நடுவே பத்துத் தடவை போய்வர வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் முதல். விடுகிறவர் முதல் கம்பத்தருகே நிற்பார். தூரத்துக் கம்பத்தைக் கிளைடர் தாண்டியதா என்று அவருக்குத் தெரியாது. அங்கே ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று, தாண்டியதும் கொடியை இறக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் திருப்புவார். அவசரப்பட்டு முன்னாலேயே திருப்பினால் நூறு மதிப்பெண் போச்சு. அந்தக் கொடிக்காரன் நான். கொடித்துணிகூட என் கடையில் சாமிக்கு வைத்திருந்த செம்பட்டுதான்.

விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் எனக்கு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். (அது ஒன்றுதான் பள்ளிக்கூடத்தில் தேறியது.) பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். பாய் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் அண்ணாச்சி, காத்து நல்லா வரட்டும்" என்றார்.

மதிப்பெண் கணக்கைப் பாய் விளக்கினார். அன்றைக்கு யார் வேகமோ அவருக்கு ஆயிரம். மற்றவர்களுக்கு அவர்கள் எவ்வளவு பின்தங்கினார்களோ அதற்குத் தக்கபடி குறையும். முதல் ஆள் அறுபது வினாடி, நீங்கள் எண்பது வினாடி என்றால் உங்களுக்கு எழுநூற்றைம்பது. நூற்றுக்கு முப்பத்தொன்றையே அதிசயமாக வாங்கிய எனக்கு, தோற்றவனுக்கும் எழுநூற்றைம்பது கொடுக்கும் இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது.

அதைவிடப் பிடித்தது அடுத்த விதி. மொத்தம் ஐந்து ஞாயிறு பந்தயம். ஒவ்வொருவருக்கும் மிக மோசமான ஒரு ஞாயிறைக் கழித்துவிட்டு மீதி நான்கைக் கூட்டுவார்கள். அதற்குப் பெயர் 'கழிவு'.

"ஒரு தப்பைக் கணக்குலயே சேக்க மாட்டியளா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும்" என்றார் பாய்.

எனக்குக் கண் கலங்கியது. நம் சாமி செய்கிற வேலை இது. இதைப் போய்ப் பந்தயத்தில் வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

ஒன்பதாவது விதிதான் என் தலையில் விடிந்தது. 'நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் ஆபத்து என்று பொருள். பறப்பதை உடனே இறக்கிவிட வேண்டும். அந்தப் பறப்பு செல்லாது. முதலிலிருந்து மறுபடி விட வேண்டும்.' கீழே ஆடு மேய்க்கிறவர்கள் வந்துவிட்டாலோ, பாறையில் யாராவது வழுக்கினாலோ அதற்காக.

அங்கே பிலோமினா டீச்சர் என்று ஒருவர். புன்னக்காயல் சொந்த ஊர், பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். கடல் காற்றில் வளர்ந்தவர். காற்று திரும்புவதை மூக்கால் சொல்லிவிடுவார். அவர் கேட்டார்: "நடுவர் தவறுதலா தூக்கிட்டா என்ன செய்ய? அதுக்கு ஒரு விதி வேண்டாமா?"

நான்தான் எழுந்து நின்று பதில் சொன்னேன். "தவறுதலா எவன் டீச்சர் ரெண்டு கையையும் தூக்குவான்? போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டினாத்தான் தூக்குவான். விதின்னா விதி. சாக்குப்போக்கு எல்லாம் சேக்கக் கூடாது." சொல்லிவிட்டு, 'எக்காரணம் கொண்டும் மாற்றம் இல்லை' என்று சேர்த்து எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டேன். அவ்வளவு திமிர்.

நான்கு ஞாயிறு முடிந்தது. அத்தான் மூன்றில் நன்றாக விட்டார். ஒரு ஞாயிறு மட்டும் கிளைடர் கீழே முள் அடர்ந்த உடைமரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அது கழிவில் போய்விட்டது. டீச்சருக்கும் ஒன்று கழிந்திருந்தது. இரண்டு பேருக்கும் இனிக் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை. அத்தான் இருநூறு மதிப்பெண் முன்னால் இருந்தார்.

கடைசிப் பந்தயம் ஆடி மாதக் கடைசி ஞாயிறு. ஆவணி பிறந்ததும் கல்யாணத்துக்கு அழைக்கக் கிளம்பிவிடுவார்கள். அன்று காலை நான் நெல்லையப்பரிடம் நேராகவே கேட்டேன்: "அத்தானை ஜெயிக்க வையி சாமி. ஜெயிச்ச சந்தோசத்துல மனசு இளகி எனக்கு ஒரு பத்திரிகை கொடுத்துருவாரு. உனக்கும் எனக்கும் அது போதும்." (சாமிக்கு ஏன் போதும் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை.)

சாயங்காலம் பந்தயம். டீச்சர் முதலில் விட்டார். சரியாக அறுபது வினாடி. மற்றவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. கடைசியாக அத்தான். எழுபத்து நான்கு வினாடிக்குள் முடித்தாலே தொடர் அவருக்குத்தான்.

பாய் கிளைடரை வீசினார். மஞ்சள் இறக்கை. காற்றும் அள்ளிக்கொண்டு போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு தடவையும் என் கம்பத்தைத் தாண்டும்போது 'விஷ்ஷ்' என்று ஒரு சத்தம். நான் கொடியை இறக்குவேன், அது ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். எட்டாவது முடிந்தபோது நாற்பத்தைந்து வினாடிதான் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். "சாமி, இன்னும் ரெண்டே ரெண்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது என் கம்பத்துக்கு நேர் மேலே கருடன் வந்தது.

வெள்ளைத் தலை, செம்மண் நிற இறக்கை, அசையாமல் விரித்துக்கொண்டு வட்டமிட்டது. சாமியிடம் கேட்ட அடுத்த நொடி கருடன் வந்தால் ஒரு மனுசன் என்ன செய்வான்? கொடியைக் கக்கத்தில் இடுக்கினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பனே, கேட்டதைக் கொடுத்துட்டியே!" என்று மனமாரக் கும்பிட்டேன்.

கும்பிட்டு முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தேன். கருடன் இருந்தது. கிளைடரைக் காணவில்லை. முதல் கம்பத்தில் எல்லோரும் சிலை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தும் முடிந்துவிட்டது போல என்று நினைத்து, நான் இங்கிருந்து கூவினேன்: "ஜெயிச்சாச்சா?"

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன ஆபத்து அண்ணாச்சி? பாம்பா? கீழ ஆளு கிடக்கா?"

"ஆபத்தா? எங்கன?"

"ரெண்டு கையையும் தூக்குனீங்கள்லா!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலுக்குக் கீழே பொத்தை பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. பாறை அப்படி எளிதில் பிளக்காது.

"கருடன்..." என்றேன்.

"ஓ! கருடன் கிளைடர் மேல மோத வந்துச்சோ?" என்றார் பாய். நல்ல மனுசர். எனக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் என் மானம் தப்பிவிடும். பறவை மோத வந்ததும் ஆபத்துதானே? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அது தலைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டே அதன் மேல் எப்படிப் பொய் சொல்வது?

"இல்ல பாய். கும்பிட்டேன்."

அதற்குள் அத்தானும் வந்துவிட்டார். அவசரமாக இறக்கியதில் கிளைடரின் இறக்கை நுனி பாறையில் உரசிப் பிய்ந்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பாயைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"என்னவே செய்தீரு?"

இரண்டு வருடத்தில் என் முகம் பார்த்து அவர் பேசிய முதல் சொல்.

"கும்பிட்டேன் அத்தான்."

"எதை?"

மேலே கை காட்டினேன். ஒரு கையைத்தான். அவரும் நிமிர்ந்து பார்த்தார். கருடனைப் பார்த்ததும் அவர் கை தன்னால் எழும்பிப் பாதி தூரம் போனது. பிறகு என்னைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. "எட்டு முடிச்ச நேரத்தை வச்சு மீதி ரெண்டைக் குத்துமதிப்பாப் போட்டுக்கிடலாமா?" என்று இழுத்தார்.

டீச்சர் விதித் தாளை எடுத்து ஒன்பதாவது விதியை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அடியில் இருந்த இரட்டைக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "போலீஸ்காரன் எங்க அண்ணாச்சி?"

பொத்தையே சிரித்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "விதின்னா விதி. மறுபடி விடுதேன்" என்று சொல்லிவிட்டு, இறக்கை நுனிக்கு டேப் ஒட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அதற்குள் காற்று இறங்கிவிட்டது. பொழுது சாயச் சாய மேற்குக் காற்று சோர்ந்துபோகும். மஞ்சள் கிளைடர் நனைந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டே போய்வந்தது. எண்பது வினாடி. எழுநூற்றைம்பது மதிப்பெண். இருநூறு முன்னால் இருந்த அத்தான் ஐம்பதில் தோற்றார். தோற்றவனுக்கும் எழுநூற்றைம்பது என்று நான் மெச்சிய அதே எழுநூற்றைம்பது!

டீச்சர் கோப்பையை வாங்க மாட்டேன் என்றார். அத்தான்தான் வற்புறுத்தி வாங்க வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஏங்க, கருடன் வந்துது சரி. பத்திரிகை வருமா?"

அந்த வாரம் நான் கடையில் விபூதி கேட்டவருக்கு மஞ்சள்தூள் கொடுத்தேன். அத்தானிடம் போய்க் காலில் விழலாம் என்று இரண்டு தடவை கிளம்பி, அவர் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இவன் வேண்டுமென்றே செய்தான் என்று அவர் நினைத்திருந்தால், எந்தச் சொல்லை வைத்து அதைத் துடைப்பது?

ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலை வாசலில் பைக் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா பட்டுச்சேலையில் இறங்கினாள். அத்தான் கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. இரண்டு வருடம் கழித்து என் வாசல்படியில் அவர் வலது காலை வைத்தார். என் மனைவிதான் "வாங்கண்ணே, வாங்க மதினி" என்று ஓடினாள்.

அத்தான் தாம்பாளத்தை நீட்டினார். "மாப்ளே, வாட்ஸ்அப்புல அனுப்பல. ரெண்டு கையாலயும் கொடுக்கேன். தலைக்கு மேல தூக்காம வாங்கும்."

வாங்கினேன். அழுதேன். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தம்பி, அன்னைக்கு ராத்திரி இவுக வீட்டுக்கு வந்து, நீ கண்ணை மூடிக் கும்பிட்டதை நடிச்சுக் காட்டுனாக பாரு. 'ஜெயிச்சாச்சா'ன்னு கேட்டியாமே! சிரிச்சுச் சிரிச்சு இவுகளுக்கு விலா வலி. நான் தைலம்லா தேச்சு விட்டேன்!"

"அத்தான், நான் வேணும்னு செய்யல" என்றேன்.

"தெரியும்வே. வேணும்னு செய்யுதவன், பாய் கதவைத் திறந்து விட்டதும் அது வழியா ஓடியிருப்பான். நீரு அங்கன நின்னு கும்பிட்டேன்னு சொன்னீரு பாரும், அதுலதான் எனக்குக் கோவம் விட்டுப்போச்சு." அத்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அஞ்சுல ஒண்ணு கழிவு உண்டுல்லா? பால்காய்ப்பைக் கழிச்சிட்டேன். அது இனிமே கணக்குல கிடையாது."

"அப்ப கருடன்?"

"கழிவு ஒண்ணுதாம்வே. ரெண்டாவது எப்படிக் கழியும்? அது நீரு இருக்க வரைக்கும் கணக்குல நிக்கும்."

நின்றது. கல்யாணத்தன்று தாய்மாமனாக நான் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஐயர் "கெட்டிமேளம்" என்றார். மாப்பிள்ளைப் பையன் தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போட்டான். என் மருமகள் குனிந்த தலையை லேசாக நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்கு உலகம் மறந்துவிட்டது. அட்சதையை இரண்டு கையிலும் அள்ளி, தலைக்கு மேல் தூக்கினேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து பாயும் டீச்சரும் கிளைடர்க் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கத்தினார்கள்: "இறக்கு! இறக்கு!"

தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தவில்காரர் கையை நிறுத்திவிட்டார். இரண்டாவது முடிச்சில் மாப்பிள்ளைப் பையனின் விரல் அப்படியே நின்றது. அத்தான் மணவறையிலிருந்து எழுந்து சத்தம் போட்டார்: "இங்கன ஒன்பதாவது விதி கிடையாது! முதல்லருந்து எல்லாம் வேண்டாம், நீங்க கட்டுங்க மாப்ளே!"

மேளம் வெடித்தது. சிரிப்பு அதைவிட வெடித்தது. கல்யாண வீடியோவில் அந்த இடம் இருக்கிறது; தாலியைவிட என் கைதான் தெளிவாகத் தெரிகிறது.

பொத்தையில் இப்போதும் பந்தயம் நடக்கிறது. விதித் தாளில் பதினான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள், என் கையெழுத்திலேயே: 'கருடன் வந்தால் நடுவர் மனதுக்குள் கும்பிடவும்.' பரணில் இருந்து பாத்திரம் எடுக்கக் கை தூக்கினாலும் என் மனைவி "இறக்குங்க" என்கிறாள். மருமகளுக்குப் பிறந்த குழந்தைக்கு இப்போது நாலு வயது. அது என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறது. அத்தான் வாரம் ஒரு தடவையாவது வந்து, காப்பி குடித்துவிட்டு, "என்னவே, இன்னைக்குக் கருடன் வந்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

நெல்லையப்பரிடம் நான் வேறு எதைக் கேட்டாலும் கேட்பேன். அந்த இரண்டாவது தப்பைக் கழித்துவிடு என்று மட்டும் கேட்பதில்லை. அது கணக்கில் இருக்கிற வரைக்கும் அத்தான் அதைச் சொல்லிக் காட்டவாவது என் வீட்டுக்கு வருவார்.